இருபதுக்குப் பன்னிரண்டு

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது கடை என்னுடையது.
எல்.எல்.ஆர்., இன்சூரன்ஸ், ஆர்.சி. பெயர் மாற்றம்.
தொங்குகிற போர்டில் ஒரு பக்கம் மலையாளம்,
மறுபக்கம் தமிழ்.
காற்று எதைக் காட்டுகிறதோ அதைப் படித்துக்கொள்ளலாம்.

விபின்தாஸ் வந்தது சர்வதேச லைசென்சுக்கு.
ஜெராக்ஸ் மெஷின் சூடாகும்வரை
சும்மா இருக்க முடியாமல் சொன்னான்:
"ஓட்டுக்கும் ஒரு டெஸ்ட் வைக்கணும்ண்ணா.
பட்ஜெட்னா என்னன்னு தெரியாதவன்
எதுக்கு வரிசையில நிக்கணும்?
மொபெட் ஓட்டவே பரீட்சை இருக்கு,
நாட்டை ஓட்ட?"

நான் சிரித்தேன்.
கை மட்டும் தானாகக் கணக்குப் போட்டது.
தலைக்கு எழுநூறு. வினாவிடைப் புத்தகம் தனி.
மாடியில் இன்னும் நாலு பெஞ்ச்.
'தவறியவர்க்கு மறுமுறை பாதிக் கட்டணம்' என்று
ஃபிளெக்ஸ் அடித்துவிட்டால்
கட்சிக்காரர்களே ஜீப்பில் ஏற்றி வந்து
ஆள் எண்ணிக் கட்டிவிட்டுப் போவார்கள்.

பதினேழு வருஷமாகப் பரீட்சையில் பிழைக்கிறவன் நான்.

மயிலாத்தாள் மூன்று தடவை தவறினாள்.
மார்கழிப் பனியில், முன்விளக்கு எரியாத எக்ஸெல்லில்
இரண்டு பால்கேன் கட்டி
ஒரு சொட்டுச் சிந்தாமல் சொசைட்டி சேர்ப்பவள்.
கம்ப்யூட்டரில் தமிழை அமுக்கினாலும்
வருவது வீட்டுத் தமிழ் இல்லை.
'பாதசாரி கடவையை அணுகுகையில் செய்யத்தக்கது யாது?'
"பாதசாரின்னா ஆருங்க?"
கதவோரம் நின்ற என்னைத் திரும்பிக் கேட்டாள்.
அன்றைக்குப் பஸ் ஸ்டிரைக்.
நல்லேபிள்ளியிலிருந்து சித்தூர் வரை
வெயிலில் நடந்தே வந்தவள்.

பேசக்கூடாது என்று அதட்டினார்கள்.
அவள் தொட்டது சி. விடை பி.

அதே நாளில் இருபதுக்கு இருபது
அரிசி மில்காரர் பையன் அபிலாஷ்.
லைசென்ஸ் கைக்கு வந்த மாசமே
கொழிஞ்சாம்பாறை வளைவில்
ரோட்டோரம் போன ஒருத்தர் இடுப்பை முறித்தான்.
பாதசாரி என்றால் யார் என்று
அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் விபின்தாஸிடம் சொல்லவில்லை.
சொன்னது வேறு:
"பஸ்ஸில ஏர்றவங்க எல்லாரும்
எட்டுப் போட்டுக் காட்டணுமா தம்பி?
டிரைவர் போட்டாப் போதாதா?"

கெட்டிக்காரன். விடவில்லை.
"ஏர்றவங்க டிரைவரைத் தேர்ந்தெடுக்கறதில்லையேண்ணா."

எனக்கு விடை தெரியவில்லை.
இருபதில் ஒன்று போச்சு.

அவன் போன பிறகு ஒன்று தோன்றியது.
டிரைவர் தூங்கி வழிகிறான் என்பது
முதலில் தெரிவது கடைசி சீட்டுக்குத்தான்,
அங்கேதான் வயிறு புரளும்.
சொல்ல ஆளில்லை. ஷட்டரை இழுத்துவிட்டேன்.

ஆனாலும் முழுசாக ஒப்பவில்லை மனசு.
போன தடவை யாருக்குக் குத்தினாய் என்று
மயிலாத்தாளைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
மறைக்காமல் சொன்னாள்.
அந்த ஆள், மகள் சீருக்கு வந்து
பாயில் உட்கார்ந்து
ரசம் வரைக்கும் சாப்பிட்டாராம்.
இது ஒரு காரணமா என்று தொண்டை வரை வந்தது.
முப்பது வருஷமாக
அப்பா குத்திய சின்னத்திலேயே
கண்ணை மூடிக் குத்துகிற நான்
எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

வாய்க்காலில் மூலத்தறைத் தண்ணீர்
எத்தனை நாள் வந்தது, எந்த மதகோடு நின்றது,
அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
யார் அந்த இலாகா மந்திரி என்று
அவள் கேட்கவுமில்லை.

நாலாவது தடவை தேறினாள்.
பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு.
உள்ளங்கையில் நீல மையில்
'பி' என்று எழுதிவிட்டது நான்தான்.
பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்து
மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

பாதசாரி யார் என்று
நான் சொல்லவே இல்லை.
அவளும் அப்புறம் கேட்கவில்லை.